தாலி வைகாசியில் என்றால் அறிவிப்பு பங்குனியில்

கேள்வி: எனக்கு வயது 24. தங்கச்சிமடத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். பாம்பனில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நான் மணக்கவிருப்பவர் தேவிபட்டினத்தைச் சேர்ந்த இந்து. அவருக்கு வயது 28. மூன்று ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறார். இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். அப்பா விசைப்படகுத் தொழில் செய்பவர். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வீட்டு ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்பதால் ஜூன் 5ஆம் தேதி, வைகாசி முகூர்த்தத்தில் நாள் குறித்திருக்கிறோம். அவருடைய அம்மா உத்தரகோசமங்கைக் கோயிலில் தாலி கட்ட வேண்டும் என்று நேர்ந்திருக்கிறார்கள். என் அப்பாவோ பங்குக்கோயிலில் சாமியார் தாலியை மந்திரிக்க வேண்டும் என்கிறார். அவருடைய சித்தப்பா, "சுயமரியாதைத் திருமணம் செய்து அன்றைக்கே பதிந்துவிடலாம், வக்கீல் அறையில் நடந்தாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்கிறார். என் பெரியப்பாவுக்கு மட்டும் இந்தச் சம்பந்தத்தில் உடன்பாடில்லை. பதிவு அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள், அவர் ஆட்சேபம் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதம் பங்குனி முதல் வாரத்திலேயே என் கைக்கு வந்துவிட்டதில் எனக்கு நிம்மதி. இதே கடிதம் சித்திரைக் கடைசியில் வந்திருந்தால், ஜூன் 5ஆம் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்திருக்காது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சித்தப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் அது பொருந்தாது.

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிப்பது இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத இத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் குறையைப் போக்க, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாக இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினரோ நண்பரோ வேறு எவருமோ முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இளவரசன் என்பவரின் வழக்கில், இந்தத் திருமணம் பலரறிய ஊர் கூடித்தான் நடக்க வேண்டும் என்று 7-ஏ பிரிவில் எங்கும் சொல்லப்படவில்லை என்று தெளிவுபடுத்தியது. சித்தப்பா செய்தித்தாளில் படித்தது அந்தத் தீர்ப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கமே, இது இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு உரியது என்றுதான் இருக்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரையும் இந்து திருமணச் சட்டம் தன்னுள் கொண்டுவருகிறது, கிறிஸ்தவரைக் கொண்டுவரவில்லை. நீங்கள் கத்தோலிக்கராக இருக்கும்வரை, மேடையில் எத்தனை பேர் வாழ்த்திப் பேசினாலும், அந்தப் பிரிவின் கீழ் உங்கள் திருமணம் நிற்காது.

உத்தரகோசமங்கைத் தாலிக்கும் இதே பதில்தான். இன்னும் ஒரு படி கூடுதலாகவே சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அந்தத் திருமணம் அந்தச் சட்டப்படி நடக்க வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது என்று கடுமையாகவே சொல்கிறது. இதற்கு வெளியே உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். கோயிலில் தாலி கட்டி, படம் எடுத்து, விருந்து வைத்து, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு பேரையும் இந்து என்று எழுதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. "ஒரே நாளில் பதிவுத் திருமணம்" என்று பலகை மாட்டியிருக்கும் தரகர்கள் பலர் செய்துகொடுப்பதும் இதுதான். அந்தப் படிவத்தில் நீங்கள் இடும் கையெழுத்து, பொய்யான உறுதிமொழிக்கு இடும் கையெழுத்து. தரகர் அதில் எங்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

பதிவுதான் திருமணம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 அந்த ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டதன் தொடர்ச்சி அது. எந்த மதத்தவராக இருந்தாலும், பங்குக்கோயில் ஏட்டிலோ கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் உள்ளதுபோல் ஜமாஅத்தின் நிக்காஹ் ஏட்டிலோ ஏற்கெனவே எழுதியிருந்தாலும், 90 நாள்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள்கள் அவகாசம் உண்டு. ஆனால் இந்தப் பதிவு, முன்னரே சட்டப்படி நடந்து முடிந்த ஒரு திருமணத்தை ஏட்டில் ஏற்றும் வேலை மட்டுமே. பதியாமல் விட்டதாலேயே ஒரு நல்ல திருமணம் கெட்டுவிடாது. பதிந்ததாலேயே செல்லாத திருமணம் செல்லுபடியாகிவிடாது. இந்து திருமணங்களைப் பற்றி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: உரிய சடங்கு நடக்காமல் கையில் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது திருமணம் ஆகாது.

இதை நான் ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என் அலுவலகத்துக்கு ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார். கடற்கரை வீட்டின் ஈரக்காற்றில் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒரு படத்தைப் பிரித்தால் இன்னொரு படத்தின் முகம் உரிந்து வந்தது. அவர் கிறிஸ்தவர், கடலுக்குப் போய்த் திரும்பாத கணவர் இந்து. கோயிலில் கட்டிய தாலிக்கு அந்த ஆல்பம்தான் அவரிடம் இருந்த சாட்சி. நிவாரணத் தொகைக்கு மனுச் செய்தபோது, கணவரின் தம்பி, "இவர் எங்கள் அண்ணனின் சட்டப்படியான மனைவி இல்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரிக்குப் பதில் தேட, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று நாங்கள் அலைந்த காலத்தில் அவருடைய மூத்த மகள் பள்ளியையே முடித்துவிட்டாள்.

ஆகவே உங்கள் முன் உண்மையில் இருப்பவை இரண்டு வழிகள்தான். மதம் மாறி இந்து திருமணச் சட்டத்துக்குள் நுழையும் மூன்றாவது வழியை நான் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டேன். நம்பிக்கையில் மாற்றம் இல்லாமல் கல்யாணத்துக்காக மட்டும் செய்யும் மாற்றம், சாதிச் சான்றிதழிலிருந்து பிற்காலத்துப் பிள்ளைகளின் ஆவணங்கள்வரை முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். உங்கள் அப்பாவின் மனநிலையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அதற்கு அவசியமும் இல்லை.

முதல் வழி, உங்கள் அப்பா விரும்பும் வழி. 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். பங்குக்கோயிலில் குருவானவர் திருச்சபை முறைப்படி நடத்திவைக்கும் திருமணம் முழுமையாகச் செல்லும். மாப்பிள்ளை திருமுழுக்குப் பெற வேண்டும் என்று நாட்டின் சட்டம் கேட்பதில்லை. திருச்சபைச் சட்டம்தான் ஒன்று கேட்கும். திருமுழுக்குப் பெறாதவரை ஒரு கத்தோலிக்கர் மணப்பதற்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், பங்குத்தந்தை வழியாக மனு அங்கே போக வேண்டும். பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி உங்களிடம் ஒரு வாக்குறுதி கேட்பார்கள். அதை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பந்தலில் தெரியவந்தால் மனக்கசப்பு மிஞ்சும். கோயிலில் நடந்த பிறகு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி சிறப்புத் திருமணச் சட்டம். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முதல் வழியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் தேதி உங்கள் கையில் இருக்காது. விதிவிலக்கு எப்போது வரும் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது வழியில் காலக்கெடுக்கள் அனைத்தும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன, நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கத்தோலிக்கராகவும் அவர் இந்துவாகவும் இருந்தபடியே மணக்கலாம், யாரும் எதையும் விட வேண்டியதில்லை. இந்தச் சட்டப்படி திருமணம் முடிந்த பிறகு உத்தரகோசமங்கையில் தாலி கட்டிக்கொள்வதையும், பங்குத்தந்தை சம்மதித்தால் கோயிலில் மந்திரித்துக்கொள்வதையும் இந்தச் சட்டம் தடுப்பதில்லை. எது முதலில் சட்டப்படி நடக்கிறதோ அதுவே திருமணம், மற்றவை குடும்பத்தின் மகிழ்ச்சி. இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் சார்பதிவாளரே இந்தச் சட்டத்தின் கீழ்த் திருமண அலுவலர். மணமக்களில் ஒருவராவது, மணக்கப்போவதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 30 நாள்கள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். நீங்கள் தங்கச்சிமடத்திலேயே இருப்பதால் இது நிறைவேறிவிட்டது; அவர் சென்னையிலிருந்து முன்கூட்டி வந்து தங்க வேண்டியதில்லை. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாள்கள் ஆட்சேபத்துக்கு உரியவை. அதுவரை திருமணம் நடத்த முடியாது. அதே சமயம், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பு காலாவதியாகி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கொடுத்தீர்களானால், ஏப்ரல் முடிவில் முப்பது நாள்கள் கழிந்துவிடும். ஜூன் கடைசி வாரம்வரை அறிவிப்புக்கு உயிர் இருக்கும். ஜனவரியிலேயே ஆர்வமாகக் கொடுத்திருந்தாலும் வீண், மே ஐந்தாம் தேதிக்குப் பிறகு கொடுத்தாலும் வீண். தலைப்பில் பங்குனி என்று போட்டிருப்பது இதனால்தான்.

பெரியப்பாவின் ஆட்சேபத்தையும் இந்தக் கணக்குக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். எவர் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம் என்பது உண்மை. ஆனால் எதைச் சொல்லலாம் என்பதைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அளந்து வைத்திருக்கிறது: இருவரில் யாருக்காவது உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ உண்டா, சம்மதம் தெரிவிக்க இயலாத மனநிலையா, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லையா, மணக்கக் கூடாத நெருங்கிய உறவா என்பவை மட்டுமே. மதம் வேறு, சாதி வேறு, பெரியவர்களைக் கலக்கவில்லை என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆட்சேபத்தை ஏட்டில் எழுதி, படித்துக் காட்டி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதை விசாரித்து முடிவு சொல்லத் திருமண அலுவலருக்கு உள்ள உச்ச அவகாசம் 30 நாள்கள். அவர் ஆட்சேபத்தை ஏற்று மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. நல்லெண்ணம் இல்லாமல் எழுப்பிய ஆட்சேபம் என்று கண்டால், எழுப்பியவர் மீதே செலவுத்தொகை விதிக்கலாம். அதன் உச்ச வரம்பு 1954இல் எழுதிய ஆயிரம் ரூபாய்தான் என்பது வேறு விஷயம். ஏப்ரல் கடைசி நாளில் அவர் ஆட்சேபம் கொடுத்தாலும், விசாரணை மே முடிவுக்குள் முடிந்தாக வேண்டும். ஜூன் 5 அப்போதும் கைவிட்டுப் போகாது. வயது வந்த இருவர் மணக்க முடிவெடுத்தபின் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் சொல்லியிருப்பதையும், மிரட்டல் வந்தால் காவல்துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பெரியப்பா அந்த அளவுக்குப் போகிறவராக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

அறிவிப்புப் பலகையைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. நம் கடற்கரை அலுவலகங்களில் அந்தத் தாள்கள் உப்புக்காற்றில் துருவேறிய குண்டூசிகளில், நில மதிப்புச் சுற்றறிக்கைக்கும் ஏல விளம்பரத்துக்கும் நடுவே தொங்கும். பத்திரம் பதிய வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது அதைப் படிப்பார்கள். செய்தி ஊருக்குப் போகத்தான் செய்யும். ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் வேறு மாவட்டத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்றால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்கும் போய், அங்கும் ஒட்டப்பட வேண்டும். மாப்பிள்ளையின் நிரந்தர முகவரி தேவிபட்டினம்தான். ஆனால் சென்னையில் வாடகை வீடு எடுத்தபோது ஆதார் முகவரியை மாற்றியிருந்தால், படிவத்தில் ஒன்று, அட்டையில் ஒன்று என்று நின்று, கடிதப் போக்குவரத்தில் நாள் போகும். மாற்றியிருந்தால் நிரந்தர இருப்பிடத்துக்கு வேறு சான்று எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அதைவிட அதிகம் இழுத்தடிப்பது பெயர்தான். நம் கடற்கரையில் திருமுழுக்குப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து மூன்றாவது ஒன்று என்று இருப்பது சாதாரணம். முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்தால்கூட அலுவலர் திருத்தி வரச் சொல்லுவார். இணையதளத்தில் மனுவை ஏற்றும் முன், உங்கள் ஆவணங்கள் அனைத்தையும் ஒரே மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள். நான் ஒரு முறை ஒரேயொரு ஒற்றெழுத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தேன்.

திருமணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும்; அடையாள அட்டையோடு வரட்டும். நீங்கள் இருவரும் சாட்சிகளும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். பிறகு அலுவலர் முன்னிலையில், சாட்சிகள் காதில் விழும்படி, "இன்னாரை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன்" என்ற பொருள்படும் வாக்கியத்தை நீங்களும், அதேபோல் மனைவியாக ஏற்பதாக அவரும் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். இதைச் சொன்னால்தான் திருமணம் முழுமையாகிறது. கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்து வருகிற பலருக்கு இந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். சத்தமாக மறுபடி சொல்லச் சொல்லி அலுவலர் காத்திருப்பார். அதன்பின் தரப்படும் சான்றிதழ், திருமணம் நடந்ததற்கு அறுதியான சான்று.

சொத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கூட்டுக்குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் வேறு மதத்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தால், அந்த நாளில் அவர் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். தாத்தா வைத்த தென்னந்தோப்பில் பங்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பங்கு போகாது, அது கூட்டிலிருந்து பிரிந்து அவருடையதாக நிற்கும். உண்மையான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தப் போவது இந்து வாரிசுரிமைச் சட்டம் அல்ல, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இந்து சட்டத்தில், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு. 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலோ மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஒன்றுமில்லை. உத்தரகோசமங்கைக்கு நேர்ந்துகொண்டிருக்கும் உங்கள் மாமியாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவரைக் காக்க விரும்பினால் உங்கள் கணவர் ஓர் உயில் எழுதலாம். எழுதுபவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். ஆனால் திருமணத்துக்கு முன் எழுதிய உயிலைத் திருமணம் ரத்தாக்கும் என்றொரு பிரிவு அந்தச் சட்டத்தில் இருப்பதால், கல்யாணம் முடிந்த பிறகே எழுதச் சொல்லுங்கள்.

ஏதோ காரணத்தால் அறிவிப்புக் கொடுக்கத் தவறி, ஜூன் 5ஆம் தேதி கோயிலில் தாலி மட்டும் ஏறிவிட்டால், எல்லாம் கெட்டுவிட்டது என்று கைவிட வேண்டாம். சடங்கு நடந்து, சேர்ந்து வாழ்ந்துவருபவர்கள் பின்னர் அதே சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். அப்போது இருவருக்குமே 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கும் முப்பது நாள் அறிவிப்பு உண்டு. ஆனால் ஏட்டில் ஏறிய நாளிலிருந்துதான் அது அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணமாகக் கருதப்படும். ஆல்பத்தோடு வந்த அந்தப் பெண்மணிக்கும் இந்த வழி ஒரு காலத்தில் இருந்தது. கணவர் கடலுக்குப் போன அன்றோடு அது அடைபட்டுவிட்டது.

அறிவிப்புக் கொடுக்கப் போகும் நாளுக்கு முந்தைய மாலை, அப்பாவை அழைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பலகையில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு யாரோ அவரிடம் சொல்லுவதற்கு முன்னால், உங்கள் வாயால் அவர் கேட்டிருக்கட்டும். மூன்று சாட்சிகளில் இரண்டு பேரை மட்டும் இப்போதைக்கு முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.